பதினொன்றாம் வரி

கோத்தகிரியில் மூன்றாம் வாரம்.
துவைத்த சுடிதார் இன்னும் காயவில்லை.
உடனடித் தேயிலைத்தூள் ஆலையில்
எனக்குக் கொடுத்த அறைக்கு நேர்கீழே
ஒரு சக்கரம் சுற்றுகிறது,
மணிக்குப் பதினெட்டுச் சுற்று.
பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்பதுபோல இருக்கும்.

ஆளுயரம். தேன்கூடாய் நெளிந்த தாள்,
தாள் முழுக்கச் சிலிக்கா ஜெல்.
முக்கால் பங்கு வழியே மூடுபனிக் காற்று நுழைந்து
ஈரத்தை விட்டுவிட்டுப் போகிறது.
கால் பங்கு வழியே
நூற்றிருபது டிகிரிக் காற்று எதிர்த்திசையில் வந்து
விட்டதைப் பிடுங்கிக்கொண்டு கூரைக்கு ஏறுகிறது.
இது ஒருநாள் நின்றால் போதும்,
தூள் கட்டிப்போய்
பொட்டலம் போடும் பெண்கள் சுத்தியல் கேட்பார்கள்.

இதைச் சமன்பாட்டில் சுற்றவைப்பது என் வேலை.
ஆயிரக்கணக்கான துளைகளில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன்.
எல்லாத் துளையும் ஒன்றுபோல என்று எழுதினேன்.
கசிவு இல்லை என்று எழுதினேன்.
உள்ளே வரும் காற்று எங்கும் சீரானது என்று எழுதியபோது
ஜன்னலுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மட்டும் மறைந்து
பக்கத்து மரம் பளிச்சென்று நின்றது.

காற்றுக்கு இரண்டு, ஜெல்லுக்கு இரண்டு.
வெப்பத்தை எழுதினால் அதற்குள் ஈரம் வருகிறது,
ஈரத்தை எழுதினால் அதற்குள் வெப்பம்.
நீராவி ஜெல்லில் உட்காரும்போது
சுமந்துவந்த சூட்டை இறக்கிவைக்கிறது.
உலர்ந்து வெளியேறும் காற்று அதனால்தான்
காய்ச்சல்காரன் மூச்சுப்போலச் சுடுகிறது.

எல்லை நிபந்தனை:
சுற்று முடிகையில் ஜெல் எப்படி இருக்கிறதோ
அப்படியே அடுத்த சுற்றைத் தொடங்கவேண்டும்.
கணினிக்கு இது எடுத்தவுடன் வராது.
முதலில் ஒரு பொய்யைத் தருகிறோம்.
சுற்றச் சுற்றப் பொய் தேய்கிறது.
நாற்பத்தேழாம் சுற்றில் ஒப்புக்கொண்டது.

ஈரமானி ஒப்புக்கொள்ளவில்லை.
நான் சொன்னதைவிட ஈரமாகவே வந்தது காற்று,
காலையிலும், இரவு ஷிஃப்டிலும், ஞாயிற்றுக்கிழமையும்.
ரப்பர் சீல் கசிகிறதா, ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தேன்.
ஜெல் பழசா, சப்ளையரோடு சண்டை போட்டேன்.
கடைசியில் வெப்பமானிகள் நான்கையும்
கொதிக்கிற கெட்டிலுக்குள் முக்கினேன்.
தொண்ணூற்று மூன்றரை.
நான்கும்.
பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்கின்றன என்று
கொள்முதல் பிரிவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

அதே கெட்டிலுக்குக் காத்திருந்த பாய்லர் பெள்ளிராஜ்
வயர்களை ஒதுக்கிவிட்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டார்.
"இங்கே தண்ணி அவ்ளோதாங்க சூடாகும்.
மேட்டுப்பாளையம் போயி முக்கிப் பாருங்க, நூறு காட்டும்."
சொல்லிவிட்டு பிஸ்கட் தேடப் போய்விட்டார்.

மாடிக்கு ஓடினேன்.
பதினொன்றாம் வரி.
தூத்துக்குடி விடுதியில், முதுகலையில் எழுதியது,
அதற்கப்புறம் நானே படிக்காதது:
காற்றழுத்தம் = 101325.
உப்பளம் தெரிகிற அந்த ஜன்னலோரம்
அது உண்மையாகத்தான் இருந்தது.

இங்கே ஆறாயிரத்து நானூறு அடி. எண்பதாயிரம்தான்.
அதே பதினைந்து டிகிரி, அதே நிறைந்த பனி;
கிலோ காற்றுக்குப் பத்தரை கிராம் நீர் என்று நினைத்திருந்தேன்.
பதின்மூன்றரை.

கடலை முதுகில் கட்டிக்கொண்டு கொண்டையூசி வளைவெல்லாம் ஏறி
மலை தப்பு என்று
மூன்று வாரம் வழக்காடியிருக்கிறேன்.

எண்ணை மாற்றினேன். கோடுகள் நெருங்கின.
ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை,
நூற்றுக்கு நான்கு இன்னும் மிச்சம்.
சீல் கொஞ்சம் கசியத்தான் செய்கிறது போல.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.

கடிதத்தை அழித்துவிட்டுச் சுடிதாரோடு கீழே இறங்கினேன்,
வெந்காற்றுக் குழாயின் மேல் போட.
பெள்ளிராஜின் சாக்ஸ் அங்கே ஏற்கெனவே இரண்டு ஜோடி.